சீனன்குடாவில் கிடைத்த இந்திய மை

போன மாதம், நான் வேலைசெய்த பழைய ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாதவள். புதிதாக ஒரு சோதனைக் கீலம், சின்னத் தாள் துண்டு, வந்திருக்கிறதாம். நோயாளியின் முள்ளந்தண்டு நீரில் அதைத் தோய்த்துவிட்டு ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் விடை வந்துவிடுமாம். கோடு விழுந்தால் மூளையுறையில் பங்கசு, அதாவது பூஞ்சை; விழாவிட்டால் இல்லை. அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு கறுப்பு மைப் போத்தல் அகப்பட்டதாம்.

"அக்கா, இதை எறியட்டோ? நீங்கள் அந்தக் காலத்திலை மை விட்டுத்தான் பாத்தனீங்களாம். மையை விட்டா என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

எறியச் சொன்னேன். பழையதையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற ஆள் நானில்லை. கீலம் நல்ல சாமான். எங்கள் காலத்தில் இருந்திருந்தால் என் தலைமயிர் இன்னும் கொஞ்சநாள் கறுப்பாக இருந்திருக்கும். ஆனால் அவளுடைய இரண்டாவது கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு பாண்காரரையும் என் அத்தானையும் இந்தியச் சிப்பாய் ஒருவரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

கொழும்பில் நான் படித்த கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. படித்தேன், பாஸ்பண்ணினேன், விடுதிச் சாப்பாட்டில் மெலிந்தேன். ஊருக்குத் திரும்பித் திருகோணமலை நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தியப் படை வந்து நின்றது. சந்திக்குச் சந்தி சோதனை. ஒருநாள் மின்சாரம் இருக்கும், மறுநாள் இராது. கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமான்கள் பாதை திறந்தால் வரும். சனம் அதற்குள்ளும் கலியாணம் செய்தது, பிள்ளை பெற்றது, காலையில் பாணுக்கு வரிசையில் நின்றது, வருத்தம் வந்தால் எங்களிடம் வந்தது.

ஆய்வுகூடத்துக்குத் தலைவர் கதிரவேலு சேர். ஒல்லியான, நெடிய மனிதர். கிருமியை அவர் 'அது' என்று சொல்லவே மாட்டார். 'ஆள்' என்பார். "ஆள் வந்திட்டார்", "ஆளுக்கு இந்த இடம் பிடிக்கேல்லைப் போலை" என்றெல்லாம் ஏதோ தூரத்து உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். என்னை 'நீர்' என்று அழைப்பார். அவர் 'நீர்' என்னும்வரை உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடிவிடும். "சரோ மிஸ், நீங்கள் இந்தக் கண்ணாடியைத் துடைச்சனீங்களோ?" என்று அவர் கேட்டால் எல்லாக் கண்ணாடியையும் திரும்பத் துடைக்கப் போய்விடுவேன். எங்கள் ஆய்வுகூடத்தில் 'நீங்கள்' என்பதுதான் ஏச்சு.

'இருக்கலாம்' என்ற சொல்லை அவர் அங்கே நடமாட விடுவதில்லை. "கண்டதைச் சொல்லும். நினைச்சதை வீட்டை கொண்டுபோம்" என்பார். நோயாளியின் நீரில் எதைக் கலப்பதானாலும் முதலில் அந்தப் பொருளைத் தனியே நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். சாயமென்றால் வெறும் சாயம், தண்ணீரென்றால் வெறும் தண்ணீர். அதிலும் கிருமி வளரும். "ஊத்தை எங்கடையோ அவையின்டையோ எண்டு முதல்லை தெரியவேணும்" என்று விளக்கம் சொல்வார்.

பாண்காரர் தங்கராசா அண்ணை சந்தைக்குப் பக்கத்தில் பாண் சுடுகிற போறணை வைத்திருந்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய கடையில் பாண் சூடா என்று கேட்டவர்கள் யாரும் மறுமொழி வாங்காமல் தப்பியதில்லை. மாத்தூளில் மூச்சுமுட்டுகிறதென்று யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த ஸ்டெரொயிட் குளிசையை வருடக்கணக்காகத் தானே வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். மூச்சு இலேசாகியது உண்மை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மெல்லமெல்லப் படுத்துவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. போறணைக் கூரையில் உதிரி தின்னவந்த புறாக்கள் ஒரு பட்டாளம். எச்சத்தைச் சுரண்டிக் கூட்டுவதும் அவர்தான்.

வாரக்கணக்கில் தலையிடி. பிறகு சத்தியெடுப்பு, பிறகு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது. மனைவி பரமேஸ்வரி அக்கா அவரை ஓட்டோவில் கொண்டுவந்து சேர்த்தபோது, அந்தக் குரல் அடங்கி, கூப்பிட்டால் மாத்திரம் கண் திறக்கிற நிலையில் இருந்தார்.

டொக்டர் நிஸாம் முதுகில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார். இளம் வைத்தியர், நிதானமானவர். நீர் எங்களிடம் வந்தது. சீனி குறைவு, புரதம் கூடுதல், வெள்ளை அணுக்கள் நிறைய. எங்கள் பக்கத்தில் இதைக் கண்டால் மூளையுறையில் காசநோய் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அதற்கு மருந்தும் கையில் இருந்தது. அந்த மருந்தோடு ஸ்டெரொயிட்டும் கொடுப்பார்கள்.

கதிரவேலு சேர் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவில்லை. டொக்டர் வந்தபோதும் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"வெள்ளை அணுவுக்கை சில உருண்டை ஆக்கள் நிக்கினம். ஒண்டு ரெண்டு அரும்பு விட்டிருக்கு. ஈஸ்ட் வகைப் பங்கசு."

டொக்டர் நிஸாமின் முகம் மாறியது. "கிரிப்டோகொக்கஸோ, சேர்? அப்பிடியெண்டா காசநோய் மருந்து பிரயோசனமில்லை. ஸ்டெரொயிட் குடுத்தா ஆள் முடிஞ்சுது."

"அவசரப்படாதேங்கோ. இவர் பாண்காரர். ஈஸ்டுக்குள்ளைதான் குளிக்கிறவர். ஊசி குத்தேக்கை தோலிலையிருந்து பாண் ஈஸ்ட் விழுந்திருக்கலாம்."

"இருக்கலாம் எண்டு நீங்களே சொல்லுறீங்கள், சேர்."

சேர் முதன்முறையாகக் கண்ணை எடுத்து டொக்டரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பிடிச்சுப்போட்டீர்" என்றார். நான் சிரிப்பை அடக்கக் குழாய்களைக் கழுவப் போய்விட்டேன்.

ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. பாண் ஈஸ்டும் அரும்பு விட்டுத்தான் பெருகும், கொல்லுகிற கிரிப்டோகொக்கஸ் ஈஸ்டும் அப்படியே. காசநோய் என்று நினைத்து ஸ்டெரொயிட் கொடுத்து, உண்மையில் பங்கசாக இருந்தால் தங்கராசா அண்ணை இல்லை. பங்கசு என்று நினைத்து அதன் மருந்தைக் கொடுத்து, உண்மையில் காசநோயாக இருந்தாலும் அவர் இல்லை. பங்கசு மருந்தோ சிறுநீரகத்தைப் பதம்பார்க்கிற மருந்து. கொழும்பில் மட்டும் கொஞ்சம் இருந்தது. நிச்சயமாகச் சொல்லாமல் கேட்டால் கிடைக்காது. கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதற்கு நாட்கள் செல்லும். அந்த நாட்கள் அவரிடம் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

இந்த இரண்டு ஈஸ்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கதிரவேலு சேர் எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் இறால் கோது உரித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. பங்கசுக்கு உடம்பைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. சீனிச் சங்கிலிகளைப் பின்னி, நடுவே இறால் கோதில் இருக்கிற அதே பொருளைக் கொஞ்சம் சேர்த்துக் கட்டிய சுவர். பாண் ஈஸ்டுக்கு அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் உடுத்தாத வெறும் மேல். கிரிப்டோகொக்கஸ் அந்தச் சுவருக்கு மேலே ஒரு சட்டையும் போட்டுக்கொள்ளும். சட்டை என்றது சேரின் சொல். உண்மையில் அது வழுவழுத்த களி, வேறொரு சீனிச் சங்கிலியால் ஆனது. அதை உள்ளே செய்து, சின்னச்சின்னப் பொட்டலமாகக் கட்டி, சுவரினூடாக வெளியே அனுப்பி, அங்கே பிரித்துச் சுவரோடு கொளுவி விடுகிறது என்று பிற்காலத்தில் வாசித்தேன். காய்ந்த புறா எச்சத்தில் கிடக்கும்போது மெல்லிய சட்டைதான். மூச்சோடு நமக்குள் வந்ததும், உள்ளே இருக்கிற கரியமில வாயு போன்றவற்றை உணர்ந்து, இடம் மாறிவிட்டது என்று அறிந்து சட்டையைத் தடிப்பாக்கும். நம் வெள்ளை அணுக்கள் விழுங்க வந்தால் வழுக்கிவிடும்.

அந்தச் சட்டை கண்ணாடிபோலத் தெளிவானது, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சுற்றிவரக் கறுப்பு மையை விட்டால், மைத்தூள் சட்டைக்குள் புக முடியாமல் வெளியே நிற்கும். இருட்டுக்குள் ஒரு வெள்ளை வளையம் தெரியும். தொலைபேசியில் கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில்.

மையின் பெயர் இந்தியன் இங்க். எங்களிடம் இருந்த போத்தலைத் திறந்தேன். மை காய்ந்து கரிக்கட்டியாகக் கிடந்தது.

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் செல்லையா அண்ணை சைக்கிளில் கடைக்குப் பறந்தார். வெற்றிமுகத்தோடு திரும்பி வந்தார். மேசையில் ஒரு போத்தலை வைத்தார். நீல நிறம், பள்ளிக்கூடப் பேனைக்கு ஊற்றுகிற மை.

"அண்ணை, இது இந்தியன் இங்க் இல்லை" என்றேன்.

"என்ன கதை, மிஸ். வடிவா வாசிச்சுப் பாருங்கோ, இந்தியாவிலை செய்தது எண்டு போட்டுக்கிடக்கு. கடைக்காரர் சிலோன் இங்க்தான் தந்தவர். நான் சண்டைபிடிச்சு மாத்திக்கொண்டு வந்தனான்."

சேர் அதையும் தனியே ஒரு துளி வைத்துப் பார்த்தார். முறை முறைதானே. பேனை மை முழுக்கக் கரைந்த சாயம், அதில் தூளே கிடையாது. எதன்மேல் விட்டாலும் எல்லாம் ஒரே நீலம், சட்டையையும் கடந்துபோய்விடும். "நல்ல கடல்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். செல்லையா அண்ணைக்குச் சரியான மனவருத்தம். அந்த மையை அவர் தன் மகளுக்குக் கொண்டுபோனார்.

"படம் கீறுறவையிட்டை இருக்கும்" என்றார் சேர். "பிளான் கீறுற மை. நகரத்திலை ஆர் இப்ப பிளான் கீறுகினம்?"

எனக்கு அத்தானின் நினைவு வந்தது. அக்காவின் கணவர் கப்பல்துறை என்ற ஊரில் இருந்துகொண்டு சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கிற பெரிய குதங்களின் படம் கீறுகிற வேலை செய்தார். அவருடைய மைப் போத்தலைத் தொட்டதற்காகத் தன் மூத்த மகனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

பஸ் அன்று வந்தது. சீனன்குடாவில் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று சொல்லியனுப்பினேன். அத்தான் பதறிக்கொண்டு வந்தார், அக்காவுக்கு ஏதோ என்று நினைத்து. விஷயத்தைச் சொன்னதும் பதற்றம் போய்ச் சந்தேகம் வந்தது.

"எத்தினை துளி வேணும்?"

"அத்தான், ஒரு மனிசன்ரை உயிர்."

"அதுதான் கேக்கிறன், எத்தினை துளி?"

ஆனாலும் முழுப் போத்தலையும் கொண்டுவந்து தந்தார், மூடியை மெழுகால் ஒட்டி, துணியில் சுற்றி. "சரிக்காமல் கொண்டுபோம். குலுக்கவேண்டாம். மிச்சத்தைத் தாரும்" என்று பஸ் புறப்படும்வரை பின்னாலேயே வந்தார்.

திரும்பும் வழியில் சோதனை. எல்லாரையும் இறக்கினார்கள். என் கைப்பையைப் பார்த்த சிப்பாய் தமிழ்நாட்டுக்காரர், இளவயது.

"பாட்டில்ல என்னங்க?"

"மை."

"என்ன மை?"

வேறெப்படிச் சொல்வது? "இந்தியன் மை" என்றேன்.

"இந்தியாவுல இருந்து யாரு கொண்டாந்து குடுத்தா?"

"இந்தியாவிலையிருந்து வரேல்லை. பேர்தான் அப்பிடி. ஜேர்மனியிலை செய்தது."

"எங்க வாங்கினீங்க?"

"சீனன்குடாவிலை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இந்தியன் மை, ஜெர்மனில செஞ்சது, சீனாக்காரன் ஊர்ல வாங்குனது. நல்லாத்தான் இருக்கு" என்று மெழுகை உரிக்கத் தொடங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. நிலத்தில் ஊற்றிப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். வார்த்தைகள் தாமாக வந்தன. பாண்காரர், தலைக்குள் பங்கசு, அதன் சட்டை, மை விட்டால்தான் சட்டை தெரியும், தெரிந்தால்தான் மருந்து என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஒரு தீக்குச்சியைத் தோய்த்துத் தன் உள்ளங்கையில் தன் பெயரை எழுதிப் பார்த்தார். காய்ந்ததும் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை.

"கெட்டி மைங்க" என்று மூடியை இறுக்கித் தந்தார். "பொழைச்சுப்பாரா?"

"தெரியாது" என்றேன்.

"சீக்கிரம் போங்க" என்று பஸ்ஸை முதலில் விட்டார்.

ஆய்வுகூடத்தில் பரமேஸ்வரி அக்கா ஒரு மூக்குப்பேணிக் குவளையோடு நின்றார். சேர் ஆளனுப்பிப் போறணையிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஏன் என்று பரமேஸ்வரி அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

"தங்கச்சி, அவர் அங்கை கிடக்கிறார், உங்கடை சேர் இஞ்சை பாண் சுடப்போறாரோ?" என்று என்னிடம் கேட்டார். கோபத்தோடுதான் கேட்டார். கண் சிவந்திருந்தது.

மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியை யன்னலோரம் நகர்த்தி, கீழேயிருந்த கண்ணாடியைத் துறைமுகப் பக்கத்து வெளிச்சத்துக்குத் திருப்பினோம். முதலில் வெறும் மை. சுத்தம். தூள் சீராகப் பரவியிருந்தது. மனதுக்குள் அத்தானுக்கு நன்றி சொன்னேன். கைச்சுழற்றியில் முள்ளந்தண்டு நீரைச் சுற்றி, மேல்நீரை வடித்து, அடியில் நின்றதில் ஒரு துளி. பக்கத்தில் மை ஒரு துளி. இரண்டையும் ஊசிமுனையால் சேர்த்து, மெல்லிய மூடுகண்ணாடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, காற்றுக்குமிழ் அகப்படாமல் இறக்கவேண்டும். ஒற்றுத்தாளால் மெதுவாக அமர்த்தவேண்டும். கீழே பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து மங்கலாகத் தெரியவேண்டும். அதைவிடத் தடித்தால் எல்லாம் இருட்டு, மெலிந்தால் வளையம் தெரியாது. இன்னொரு கண்ணாடியில் போறணை ஈஸ்டை வைத்து அதே மாதிரிச் செய்தோம்.

சேர் பார்த்தார். எழும்பிக் கதிரையை எனக்கு விட்டார். இருவரும் தனித்தனியே பார்த்து முடிக்கும்வரை கதையில்லை என்பது அவருடைய சட்டம்.

போறணை ஈஸ்ட் மைக்குள் மொட்டையாக நின்றது. மை அதன் சுவர்வரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாற்றினேன். வெள்ளை அணுக்கள் சிலவற்றைச் சுற்றிக் கலங்கலான, ஓரம் பிய்ந்த வெளிச்சம். அதைக் கண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். கறுப்பு வானத்தில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி அதைவிட அகலமான, கத்தரித்ததுபோல ஓரம் கூரான வெள்ளை வளையம். பக்கத்தில் அதன் அரும்பு. அரும்புக்கும் சட்டை. மனிதரைக் கொல்லுகிற பொருள் அவ்வளவு வடிவாக இருந்தது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது.

"என்ன கண்டனீர்?"

"சட்டை, சேர். பாண் ஈஸ்டுக்கு இல்லை. இவருக்கு இருக்கு. அரும்புக்கும் இருக்கு."

"நானும் அதைத்தான் கண்டனான்" என்றார் சேர். பிறகு, நான் எதிர்பார்க்காத காரியம் செய்தார். வாசலில் நின்ற பரமேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். "இது உங்கடை வீட்டு ஈஸ்ட். வெறும் மேலோடை நிக்கிறார். இனி இதைப் பாருங்கோ."

அக்கா நெடுநேரம் பார்த்தார். "இது எங்கடை இல்லை" என்றார். இத்தனை ஆண்டுகளில் அதைவிடச் சுருக்கமான, சரியான முடிவை நான் கேட்டதில்லை.

டொக்டர் நிஸாம் காசநோய் மருந்தை ஒதுக்கிவைத்துக் கொழும்புக்குத் தொலைபேசி அடித்தார். மருந்து மீன்பெட்டி ஒன்றில் ஐஸுக்குள் புதைந்து, கண்டி வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தது. சீனித் தண்ணீரில்தான் கலக்கவேண்டும், உப்புத் தண்ணீரில் திரிந்துவிடும். வெளிச்சம் படாமல் பாண் சுற்றுகிற மண்ணிறத் தாளால் போத்தலைச் சுற்றித் தொங்கவிட்டார்கள். ஏறத் தொடங்கினால் நடுக்கம், கட்டிலே ஆடும். சில நாட்களில் அவருக்குப் பேச்சு வந்தது. வந்ததும் முதலில் சொன்னது, "போறணைக்குள்ளை தலைவிட்டு நிண்டவனுக்குக் குளிருதெண்டா நம்புவியளோ" என்பதுதான். இரண்டாவது, மருந்தில் பாரைமீன் மணக்கிறது என்பது.

ஆனால் சிறுநீரகம் தளரத் தொடங்கியது. அந்த அளவுகளை நாங்கள்தான் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் மோசமாக இருந்தது. நிறுத்தலாமா என்று டொக்டர் கேட்டார். முதுகு நீரில் மை விட்டுப் பார்த்தோம். சட்டைகள் இன்னும் நின்றன, குறைவாக என்றாலும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பொறும்" என்றார் சேர். "சட்டை கிடக்கு, சரி. உள்ளுக்கை ஆள் உயிரோடை இருக்கிறாரோ எண்டு மை சொல்லாது. ஆள் செத்தாலும் இந்தச் சட்டை கனநாள் கிடக்கும். தட்டிலை போடுவம். உயிர் இருந்தா வளருவார்."

முதல்நாள் நீரைப் போட்ட தட்டில், கட்டிப்பால் துளி சிந்தியதுபோல வழுவழுப்பான பொட்டுகள் பின்பு வளர்ந்திருந்தன. இந்தப் புதிய தட்டை ஒவ்வொரு காலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. வழக்கமாக வளரும் நாள் கடந்தும் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை நீர் எடுத்து இன்னொரு தட்டு. அதுவும் வெறுமை. "ஆள் இல்லை" என்றார் சேர். டொக்டர் அன்றே மருந்தை நிறுத்தினார்.

அடுத்தநாள் தங்கராசா அண்ணை இடுப்பில் ஆஸ்பத்திரிச் சாரமும் தோளில் துவாயுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். பரமேஸ்வரி அக்கா பின்னால். தன்னைக் கொல்லப் பார்த்தவனை ஒருக்கால் பார்க்கவேண்டுமாம். சேர் மறுக்கவில்லை. கடைசி நீரில் மை விட்ட கண்ணாடியை வைத்துக் காட்டினார்.

"இந்த வெள்ளை வளையமோ?"

"ஓம். அதுதான் சட்டை. ஆள் செத்துப்போனார், சட்டை மட்டும் கிடக்கு."

அண்ணை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "இஞ்சரப்பா, இவனுக்கு ஆள் போயிட்டார், சட்டை கிடக்கு. எனக்கு ஆள் கிடக்கு, என்ரை சட்டை எங்கை?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். செல்லையா அண்ணை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரமேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டை இருக்கு" என்றார். "நீங்கள் கண் திறக்காமல் கிடந்த அண்டைக்கு, உங்கடை நல்ல சட்டையைத் தோய்ச்சு, மினுக்கி, எடுத்து வைச்சிட்டன்."

கடைசிப் பயணத்துக்கு எடுத்து வைத்த சட்டை என்பது எங்களுக்கு விளங்கியது. தங்கராசா அண்ணைக்கும் விளங்கிவிட்டது. அவர் கையை நீட்டி மனைவியின் தோளைப் பிடித்தார்.

"நல்லதாப் போச்சு. அதையே எடுத்துக்கொண்டு வாரும். போட்டுக்கொண்டு வீட்டை போவம்."

அன்று மத்தியானம் அந்தச் சட்டையோடு அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடந்துபோவதைச் சேரும் நானும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். உடம்பு வற்றிப்போனதில் சட்டை அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது.